ஒற்றைக் கதவுக் குடில்

1

பங்குனிப் பொங்கலுக்கு ஒரு கடிதம் எழுதுவது என் வழக்கம். விருதுநகரில் மாரியம்மனுக்குப் பொங்கல் சாட்டிவிட்டார்கள் என்று என் கொழுந்தியாள் சுந்தரி போனில் சொன்னதும், உட்கார்ந்து நாலு பக்கம் எழுதி ஊர் நண்பர்களுக்கு அனுப்பிவிடுவேன். இங்கே கத்திரிக்காய் என்ன விலை, எவ்வளவு குளிர், எவன் எங்களை எந்த நாட்டுக்காரன் என்று நினைத்தான், இப்படி ஏதாவது இருக்கும். போன வருஷம் எழுதவில்லை. வெள்ளைக்காரனாகவே மாறிவிட்டாயா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அப்படியெல்லாம் இல்லை. போன பங்குனியில் எங்கள் மகன் மலையில் காணாமல் போயிருந்தான். அதை எழுத எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் மனைவி பாக்கியத்துக்கும் ஊர் எம். புதுப்பட்டி. நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் அடித்துக்கொண்டிருந்தவன். அவள் நர்சிங் படித்தவள். நியூசிலாந்துக்கு வரச்சொல்லி வேலை கிடைத்தது அவளுக்குத்தான். நான் மனைவி விசாவில் வந்த புருஷன். தென்தீவில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருக்கிறோம். அவள் முதியோர் இல்லத்தில் நர்ஸ், நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். ஒரே மகன் செந்தில். கைக்குழந்தையாக வந்தவன். நாங்கள் தமிழில் பேசினால் புரிந்துகொள்வான், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவன் நண்பர்களுக்கு அவன் வெறும் 'சென்'. மிச்ச எழுத்துகளை எங்கே தொலைத்தாய் என்று கேட்டதற்கு, அவர்களுக்கு வாயில் நுழையவில்லை என்றான். அவர்கள் ஊர்ப் பெயர்கள் எல்லாம் என் வாயில் நுழைந்ததே, அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

2

எங்கள் வீட்டில் இரண்டு சட்டங்கள் உண்டு. இரண்டும் பாக்கியம் போட்டவை.

முதலாவது, தீப்பெட்டி வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பின்வாசல் கதவுக்கு வெளியே, இடது கைப்பக்கம், கூரை இறக்கத்துக்கு அடியில் பலகை அடித்து ஒரு டின்னில் வைத்திருப்பாள். விளக்கேற்ற வேண்டும் என்றால் வெளியே போய் எடுத்துக்கொண்டு வந்து, ஏற்றிவிட்டு, திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். இரண்டாவது, ஆள் இருக்கும்போது எந்த அறைக் கதவையும் மூடக் கூடாது.

அவள் அம்மா வெடி ஆபீஸில் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்துகிறவர். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சாயங்காலம் வீடு திரும்பும்போது சேலையெல்லாம் அலுமினியத் தூள் மினுங்கும். அந்தச் சேலையோடு அடுப்படிக்குப் போக முடியாது. பின்வாசலிலேயே குளித்து, வேறு சேலை கட்டி, அதன் பிறகுதான் வெளிச்சுவர் மாடத்தில் இருக்கும் தீப்பெட்டியில் கை வைப்பார். ஆபீஸிலும் அதே கதைதான். பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வாசலில் வாட்ச்மேன் டின்னில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அறைக்கு நாலு பக்கமும் கதவு. வேலை நேரத்தில் நாலும் திறந்தே இருக்க வேண்டும். ஒரு நாள் மழைச்சாரல் அடிக்கிறது என்று அவர் இருந்த அறையில் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். பாக்கியம் அப்போது மதுரையில் படித்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

செந்திலின் பத்தாவது பிறந்தநாளுக்கு அவன் வகுப்புப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் தீப்பெட்டி வேண்டாம் என்று பாக்கியம் வெளியே போய் மெழுகுவர்த்தியைப் பொருத்திக் கையால் மறைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். காற்றில் அணைந்தது. திரும்பப் போனாள். மறுபடி அணைந்தது. ஒரு பிள்ளை சிரிக்க, எல்லாம் சிரித்தன. அன்றைக்கு அவர்கள் போன பிறகு அவன் கேட்டான், நாம் ஏன் மற்றவர்களைப் போல் இல்லை என்று. பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்று தொடங்கிய போராட்டம் அது. அவன் மூடுவான், அவள் திறப்பாள். வீடு முழுவதும் குளிர் சுற்றிவரும். நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன்.

டின்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும்போது அச்சகத்தில் கழித்துப்போட்ட லேபிள் கட்டு ஒன்றைத் தூக்கி வந்திருந்தேன். கிளிப் படம் போட்ட லேபிள். சிவப்பு சரியாக உட்காராமல், கிளியின் மூக்கு முகத்தை விட்டு விலகித் தனியாக நிற்கும். எங்கள் வீட்டுச் சீனி, பருப்பு, மிளகாய்த்தூள், முறுக்கு டின்கள் எல்லாவற்றிலும் அந்தக் கிளியைத்தான் ஒட்டியிருக்கிறோம். பின்வாசல் டின்னிலும் அதுதான். மூக்கு விலகிய அந்தக் கிளி உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இருக்காது.

3

இந்த நாட்டில் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை நடந்தே போவதற்கு ஒரு பாதை இருக்கிறது. காடு, ஆறு, மலை எல்லாவற்றின் வழியாகவும் போகும். அதை முழுக்க நடக்க ஐந்து மாதம்போல ஆகும். எதற்காக நடக்கிறார்கள் என்று கேட்டால் நடப்பதற்காகத்தான் என்கிறார்கள். வழியில் இரவு தங்குவதற்கு மலைக்குள் குடில்கள் உண்டு. தகரச் சுவர், ஆறு படுக்கைப் பலகைகள், ஓர் இரும்பு அடுப்பு, வெளியே மழைத்தண்ணீர்த் தொட்டி, தள்ளி ஒரு கக்கூஸ். பூட்டு கிடையாது, காவலும் கிடையாது. வெடி ஆபீஸில் ஓர் அறையிலிருந்து எட்டத்தில் அடுத்த அறை நிற்குமே, அதுபோலத் தனித்தனியாக நிற்கும். ஆனால் இங்கே ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் நடை.

இந்தக் குடில்களுக்கு எழுதாத ஒரு வழக்கம் உண்டு. கிளம்பும்போது அடுத்து வருகிறவருக்கு விறகு வெட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும். சுள்ளியும் தீப்பெட்டியும் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நனைந்து, நடுங்கி, கண் தெரியாமல் வருகிறவன் தேடாமல் கை வைத்து எடுக்கிற மாதிரி. யாரென்றே தெரியாதவனுக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்களே. எனக்கு இந்த ஊரில் பிடித்துப்போன சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

செந்தில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷத்தில் படிப்பை நிறுத்திவிட்டு, அந்தப் பாதையில் நடக்கப் போவதாகச் சொன்னான்.

"எதுக்குலே நடக்க? யாரு கூலி குடுக்கா?" என்றாள் பாக்கியம்.

உனக்குப் புரியாது என்றான் ஆங்கிலத்தில். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இந்த நாட்டுப் பிள்ளைகள் எங்களிடம் அதிகமாகச் சொல்கிறார்கள்.

"எங்கம்மா மருந்துக்குள்ள கெடந்து என்னயப் படிக்க வச்சுச்சு. நான் கண்டவன் மலத்த அள்ளி ஒன்னயப் படிக்க வைக்கேன். நீ மலைய வேடிக்க பாக்கப் போறியா? போ. திரும்பி வந்து கதவ மட்டும் தட்டாத."

இந்த வீட்டில் கதவே மூடியிருக்காதே, எப்படித் தட்டுவது என்று நான் சிரிக்க வைக்கப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவன் போய்விட்டான். அதன் பிறகு அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் எப்போதாவது ஒரு வரி வரும், உயிரோடு இருக்கிறேன் என்று. அவன் அறைக் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க பாக்கியம் ஒரு செங்கலைத் தேடிக்கொண்டு வந்து முட்டுக்கொடுத்தாள்.

ஆனால் ஒரு வாரத்துக்குள் ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் பாதையின் வரைபடம் ஒட்டப்பட்டிருந்தது. நான் ஒட்டவில்லை.

4

மாசி மாதம் போல, முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை பார்க்கும் ஒருத்தி சொல்லி, எங்கள் ஊர் மலையேறிகள் சங்கத்தில் பாக்கியம் பெயர் கொடுத்தாள். எங்களுக்கு மேலே மலைக்குள் இருக்கும் குடிலைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டுமாம். எனக்கு நம்பவே முடியவில்லை. ஊர்ப்பக்கம் ஆனைக்குட்டம் அணைக்கரையில் பத்தடி ஏறச் சொன்னாலே மூச்சு வாங்குகிறவள். நீ எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான். ஒடம்பு கொறையட்டும்" என்றாள். வரைபடத்தைப் பார்த்தேன். செந்தில் போகும் பாதை அந்தக் குடில் வழியாகத்தான் போகிறது. நானும் பெயர் கொடுத்துவிட்டுக் கூடவே போனேன்.

ஆஸ்பத்திரி ஷூவைப் போட்டுக்கொண்டு ஏறினாள். சங்கத்துக் கிழவர் கிரேம், ஓய்வுபெற்ற பிளம்பர், அவளுக்காக நின்று நின்று போனார். குடிலைச் சேர்ந்ததும் அவள் முதலில் பார்த்தது கதவைத்தான். சுற்றி வந்தாள். ஒரே கதவுதானா என்று கிரேமிடம் கேட்டாள். வேடிக்கையாகக் கேட்கிறாள் என்று நினைத்து, ஆமாம், கரடி வந்தால் ஒன்றை மட்டும் அடைத்தால் போதுமே என்றார். இந்த நாட்டில் கரடி கிடையாது. அவள் ஒரு கல்லைத் தூக்கி வந்து கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். மற்றவர்கள் எல்லாம் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு அவள் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். தரையைக் கூட்டி, எலிப்புழுக்கையை அள்ளி, பலகைகளைக் கழுவி, அடுப்புச் சாம்பலை வழித்துப் போட்டாள். நான் விறகு பிளந்தேன். அவள் சுள்ளியைக் கம்பி மத்தாப்பு கனத்துக்குச் சீவி அடுப்போரம் அடுக்கினாள். அடுப்புக்கு மேல் சுவரில் இருந்த தட்டையும் துடைத்தாள். எல்லாருக்கும் கொண்டுபோயிருந்த முறுக்கைக் கொடுத்து டின்னைக் காலி செய்தாள். திரும்பி இறங்கும்போது ஒருமுறை நின்று பார்த்தாள். யாருக்காக இவ்வளவும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

5

பங்குனியில் இங்கே இலையுதிர்காலம். பனிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்திருந்தபோது தெற்கிலிருந்து புயல் வந்தது. எங்கள் ஊரில் மழை, மலையில் பனி. சாலையை மூடினார்கள். ஆறுகள் பெருகிவிட்டன என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வாசலில் ஒரு பெண் நனைந்துபோய் நின்றாள். எம்மா என்றாள். செந்திலோடு படித்தவள். எங்களுக்கு அவளைத் தெரியாது, அவளுக்கு எங்கள் இருவர் பெயரும் தெரிந்திருந்தது. முந்தின நாளே அவன் எங்கள் ஊர்ப்பக்கம் இறங்கி அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்க வேண்டுமாம். அனுப்பவில்லை. கூப்பிட்டால் தொடர்பு இல்லை.

அவசர எண்ணைச் சுற்றினேன். தீயணைப்பா, ஆம்புலன்சா, போலீசா என்று கேட்டது குரல். என் வாயிலிருந்த ஆங்கிலம் எல்லாம் எங்கோ ஓடிவிட்டது. ஒருவழியாகப் போலீஸில் ஒரு பெண்ணிடம் பெயரைச் சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். இருங்கள் என்றாள். பிறகு, உங்கள் மகன் நடைக்குப் பதிவு செய்தபோது அவசரத் தொடர்புக்கு வேறொருவர் பெயரைக் கொடுத்திருக்கிறார், அது யார் என்று உங்களிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றாள். நான் அவனுடைய அப்பா என்றேன். புரிகிறது சார் என்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் எம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் அந்த வேறொருவர் அவள்தான் என்று தெரிந்தது. பெற்றவர்கள் என்று நாங்கள் இரண்டு பேர் மலையடியிலேயே உட்கார்ந்திருக்க, அவன் எங்கள் பெயரை எழுதவில்லை.

பாக்கியம் எம்மாவுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள், டீ போட்டுக் கொடுத்தாள். போலீஸிலிருந்து போன் வந்தால் உனக்குத்தானே வரும், நீ இங்கேயே இரு என்றாள்.

மேகம் விலகாமல் ஹெலிகாப்டர் எழும்பாது, ஆறு வடியாமல் ஆளை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

விடிந்ததும் நான் பேருந்து எடுக்கப் போனேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருந்தால் கத்திவிடுவேன்போல் இருந்தது. பின்சீட்டில் பையன்கள் பனி, பனி என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவனையும் அவன் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டேன். எல்லாரும் இருந்தார்கள்.

திரும்பி வந்தபோது பாக்கியம் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றத் தீப்பெட்டி எடுக்க வந்தவள். டின்னைத் திறந்த கை அப்படியே நின்றிருந்தது.

"என்னங்க."

"என்ன?"

"அந்தக் குடில்ல தீப்பெட்டிய நான் எங்க வச்சேன்?"

எனக்கு விளங்கவில்லை.

"அடுப்புக்கு மேல தட்டுல இருந்துச்சு. தட்டத் தொடைக்கையில எடுத்தேன். எடுத்து... முறுக்கு டின்னுல போட்டு, வெளிய கொண்டுபோயி, கதவுக்கு எடது பக்கம், கூரைக்குக் கீழ செருகி வச்சிட்டேன். ஐயோ, வச்சிட்டேங்க. நெனச்சுச் செய்யலங்க. கை பாட்டுக்குச் செஞ்சிருச்சு."

நான் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். நடக்கிறவன் எவனும் லைட்டர் இல்லாமல் போவானா என்றேன். எம்மா உள்ளிருந்து வந்தாள், என்ன என்று கேட்டாள். சொன்னோம். சென் அடுப்பு கொண்டுபோகவில்லை, எதையும் தண்ணீரில் ஊறவைத்துப் பச்சையாகத்தான் சாப்பிடுகிறான் என்றாள். லைட்டரும் கிடையாது. பையில் நெருப்பு வைத்துக்கொள்வது தனக்குப் பிடிக்காது என்று எப்போதும் சொல்வானாம். ஏன் என்று அவனுக்கே தெரியாதாம்.

எங்களுக்குத் தெரியும். பாக்கியம் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் பாக்கெட்டிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கியதும் அவள்தான், அவன் போய்ச் சேரும் இடத்திலிருந்து பிடுங்கியதும் அவள்தான். ஒரு நிமிஷம் அவளை நான் வெறுத்தேன். பிறகு அவளைத் தூக்கப் போய், நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

போலீஸை மறுபடி கூப்பிட்டு, குடிலில் தீப்பெட்டி வெளியே இருக்கிறது, அதை அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றேன். குடிலில் தீயா என்று கேட்டார் ஒருவர். தீ இல்லை, அதுதான் பிரச்சினை என்றேன். எழுதிக்கொள்கிறேன் என்றார்.

6

மதியம் சுந்தரி வீடியோவில் கூப்பிட்டாள். பாக்கியத்தின் தங்கை. அவளும் வெடி ஆபீஸில்தான் இருக்கிறாள். அங்கே காலை, வேலைக்குக் கிளம்புகிற நேரம், தூக்குச்சட்டி கையில் இருந்தது. பொங்கலுக்கு எங்கள் பேரில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

சொன்னோம். அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"அந்த ரூம்புக்கு எத்தன கதவுக்கா?"

"ஒண்ணுதான்."

"ஒத்தக் கதவா? ஒத்தக் கதவு ரூம்புக்கு எவென் லைசென்ஸ் குடுத்தான்?"

"அங்கன மருந்து இல்லடி. குளிருக்கு ஒதுங்குற எடம். உள்ள தீ இருக்கணும். இல்லாட்டி வெறச்சுச் செத்துப்போவாக. நான் தீப்பெட்டிய வெளிய வச்சிட்டு வந்துட்டேன்டி."

தீ இருந்தால் பிழைக்கிற அறை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதைச் சுந்தரி மனசு வாங்கிக்கொள்ளவே நேரம் பிடித்தது என்று நினைக்கிறேன்.

"வெளியதானக்கா வைக்கணும்? நானும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்" என்றாள். அழுதாள். "மச்சான், அவள ஒண்ணும் சொல்லீராதீக. ஏக்கா, நான் விருதுநகர் மாரிக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன். உம் பிள்ளைக்குத் தீ குடுக்கச் சொல்லி ஏந்துதேன். அவ குடுப்பாக்கா."

ஆபீஸ் வேன் ஹாரன் அடித்தது. தீப்பெட்டியைக் கண்டால் எட்டத்தில் நிற்கிறவள், பிள்ளைக்காகக் கையில் நெருப்பை ஏந்துவதாகச் சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போனாள்.

பிறகு மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நடுவில் எம்மாவின் போன். பின்வாசல் கதவு திறந்தே கிடந்தது. அன்றைக்கு எனக்குக் குளிரே தெரியவில்லை. பாக்கியம் வாய்க்குள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்: கதவுக்கு எடது பக்கம், கூரைக்குக் கீழ. கதவுக்கு எடது பக்கம், கூரைக்குக் கீழ. மலைக்கு அது கேட்டுவிடும் என்பதுபோல. நான் மட்டும் மனசுக்குள் அவன் சாவுக்கு ஊரில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கிறேன் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

7

மறுநாள் மேகம் விலகியது. போன் அடித்தபோது எம்மா எடுத்தாள். ஆமாம், ஆமாம் என்றாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். முடிந்தது என்று நினைத்தேன். பாக்கியம்தான் அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். உயிரோடு இருக்கிறான் என்றாள் எம்மா.

குடிலில் மூன்று பேர் இருந்தார்களாம். எங்கள் மகனும் ஒரு ஜெர்மன் தம்பதியும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த ஜெர்மன்காரப் பெண் வராந்தாவில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் யாரென்று தெரிந்ததும் எழுந்து பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் ஆற்றில் விழுந்து எழுந்து வந்தவர்கள். லைட்டர் நனைந்து வீணாகிவிட்டது. குடிலில் காய்ந்த விறகு, சீவி வைத்த சுள்ளி, எல்லாம் இருக்கிறது, தீப்பெட்டி மட்டும் இல்லை. பலகைக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், எல்லா இடமும் தேடிவிட்டு, ஈரத்தோடு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருட்டும் நேரத்தில் செந்தில் வந்து விழுந்தானாம். அவனும் தலையோடு நனைந்திருந்தான், பேச்சு குளறியது. தீப்பெட்டி இல்லை என்று இவர்கள் சொன்னதும் அவன் உள்ளே எங்கும் பார்க்கவே இல்லையாம். வந்த கதவு வழியாகவே திரும்பி வெளியே போனானாம். குளிர் மண்டைக்கு ஏறிவிட்டது, பனியில் போய்ச் சாகப் போகிறான் என்று அவள் புருஷன் பின்னாலேயே ஓடினானாம். பார்த்தால் இவன் கதவுக்கு இடது பக்கம் கூரையடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தானாம்.

உங்கள் மகனுக்கு அது எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். பாக்கியம் கையை விடுவித்துக்கொண்டு, அவன் எந்த அறையில் இருக்கிறான் என்று கேட்டாள்.

செந்தில் இரண்டு கைகளிலும் கட்டோடு படுத்திருந்தான். இடது கையில் இரண்டு விரல் நுனி போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாக்கியம் கட்டிலோரம் போய் நின்றாள். எம்மா வெளியிலேயே நின்றுகொண்டாள். அவன் அம்மாவைப் பார்த்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தமிழில் பேசினான்.

"அம்மா, நீ அங்கன வந்திருந்தியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"டின்ன எடுத்ததும் கிளி இருந்துச்சு. மூக்கு தனியா. அப்பறம் சுள்ளியப் பாத்தேன்." நிறுத்தி, வார்த்தை தேடினான். "எனக்கா வந்த?"

"கூட்டிப் பெருக்க வந்தோம்லே. அம்புட்டுதான்."

அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை. கட்டுப்போட்ட கைகளின் மேல் படாமல் போர்வையில் முகத்தை வைத்து அழுதாள்.

"நாந்தாம்லே அத வெளிய வச்சேன். உள்ள இருந்துச்சு. நாந்தான் எடுத்தேன். ஒன் வெரலு..."

"வெளியதானம்மா இருக்கும்" என்றான் அவன். "வேற எங்க வைப்பாங்க?"

அவன் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

8

இதோடு முடித்தால் உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும். சுந்தரி சொன்னபடி சட்டி எடுத்தாள், மாரியம்மன் காப்பாற்றினாள், அம்மா கையால் வைத்ததைப் பிள்ளை கையால் எடுத்தான் என்று ஊரில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். வீடு திரும்பும் வழியில் நானும் அதையேதான் சொன்னேன். பாக்கியம் கார் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பிள்ளைக்கு அது தெரிஞ்சுச்சு. சரி. அந்த ஜெர்மன்காரி பிள்ளைக்குத் தெரியுமா? இவன் போகாம இருந்திருந்தா அவுக ரெண்டு பேரும் என்னத்துக்கு ஆயிருப்பாக? எங்கம்மா ரூம்புக் கதவச் சாத்துன ஆளும் கெட்டவன் இல்லைங்க. சாரல் அடிக்குதேன்னுதான் சாத்துனான்."

அவள் தானாகவே கிரேம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா, வெடி ஆபீஸ், டின், எல்லாம். கிழவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த முறை போகும்போது நீங்களே உள்ளே வைத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாராம். செந்திலின் கை ஆறி, சாலையும் திறந்த பிறகு மூன்று பேரும் ஏறினோம். அவன் மெதுவாக நடந்தான். அவள் அதைவிட மெதுவாக நடந்தாள்.

குடிலில் யாரும் இல்லை. டின் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. அவன் விட்டுவிட்டு வந்த இடம். பாக்கியம் அதைக் கையில் எடுத்தாள். கிளியைத் துடைத்தாள். தீப்பெட்டியை எடுத்து அடுப்புக்கு மேல் தட்டுவரை கொண்டுபோய், திரும்பிக் கதவைப் பார்த்தாள். வைத்தாள். வைத்துவிட்டு, பாம்பைக் கண்டதுபோல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள்.

செந்தில் உள்ளேதான் இருந்தான். மிச்சமிருந்த விரல்களால் ஒரு குச்சியை உரசி அடுப்பைப் பற்றவைத்தான். மலைக்காற்று நேராக உள்ளே அடித்தது. அவன் எழுந்து கதவுப் பக்கம் வந்தான். சாத்தப் போகிறான் என்று நான் நினைத்தேன்.

"ஏலே" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "கதவ மட்டும் தொறந்து வைலே."

அவன் வெளியே வந்து ஒரு கல்லைத் தேடி எடுத்தான். கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான்.